பூங்கா வாசலில் ஓர் அறை: அடக்க விலை போட்டுப் பாருங்கள்

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதற்கு நாம் எத்தனை பேரிடம் விலை கேட்கிறோம்! கையில் அள்ளிப் பார்க்கிறோம், வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாம் கூட்டி அடக்க விலை தெரிந்த பிறகுதான் "அனுப்புங்கள்" என்கிறோம். அதே நாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு தீம் பார்க்குக்குப் போக முடிவெடுத்தால் மட்டும், பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டின் அறை வாடகை என்று செல்போனில் தெரிகிற முதல் விலைக்கே தலையாட்டி விடுகிறோம். இல்லையென்றால் அந்த விலையைப் பார்த்துப் பயந்து, முப்பது கிலோமீட்டர் தள்ளி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் போய் விழுகிறோம். இரண்டுமே வியாபாரிக்கு அழகல்ல.

மளிகைக்கடைக்காரருக்கு விடுமுறை என்பதே அபூர்வம். மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்தாலும் அன்றைய பொழுது மாநாட்டுக்குப் போய்விடுகிறது. ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும் வாரத்தில் நாம் எடை போட்டுக்கொண்டிருக்கிறோம். பல வீடுகளில் மனைவியும் கல்லாவில் உட்காருகிறார், பிள்ளைகள் கடையின் உள்ளறையில் மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகின்றன. வளர்ந்த பிறகு "இந்தக் கடை எனக்கு வேண்டாம்" என்று அதே பிள்ளைகள் சொல்வதை நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். சம்பாத்தியம் போதாது என்று மட்டும் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அப்பாவோடு ஒரு நாள் முழுதாக இருந்த நினைவு அவர்களுக்கு இல்லை. ஆகவே போகலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கே நான் வரவில்லை. போகத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கடை பூட்டினால் நட்டம் எவ்வளவு என்பதிலும் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, நாளொன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் விற்பனை, பத்து சதவீத லாபம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் போவது நாற்பதாயிரம் அல்ல, நாலாயிரம். அதிலும் மாதச் சாமான் எழுதி வாங்குகிறவர் இரண்டு நாள் கழித்து நம்மிடமே வருவார். உண்மையில் போவது அன்றாடச் சில்லறை வியாபாரம்தான். ஆனால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சாமான் கொண்டுவருகிறவர்கள் பெருகிவிட்ட இந்நாளில், அதிகமாக இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான் நம்மால் கடையைப் பூட்ட முடியும். நம்மிடம் குறைவாக இருக்கும் சரக்கு பணமல்ல, நேரம். அறையை வாங்கும்போது இதை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இந்தப் பூங்கா ஓட்டல்கள் எப்படித் தோன்றின என்று தெரிந்துகொண்டால் அவற்றின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் கலிபோர்னியா மாநிலம் அனஹைமில் டிஸ்னிலேண்டைத் திறந்தார். பூங்கா கட்டவே பணம் போதாத நிலை. எனவே பக்கத்தில் ஓட்டல் கட்டும் உரிமையை ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளருக்குக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னிலேண்ட் ஓட்டல் திறக்கப்பட்டது. பெயர் டிஸ்னியுடையது, கல்லா ராதருடையது! சில ஆண்டுகளில் சுற்றிலும் விடுதிகளும் உணவகங்களும் முளைத்தன. கூட்டத்தை வரவழைத்தவர் ஒருவர், அந்தக் கூட்டம் உண்டு உறங்கிய பணத்தை எடுத்துக்கொண்டவர்கள் வேறு பலர். தேர்க்கடை போட்டு அனுபவப்பட்ட நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஓட்டலை டிஸ்னி நிறுவனம் தன் வசப்படுத்த 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பாடம் கற்றுக்கொண்டு விட்டார்கள். புளோரிடாவில் இரண்டாவது பூங்காவுக்கு இடம் தேடியபோது, வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கிச் சேர்த்தார்கள். வாங்குவது யார் என்று 1965-ல் வெளியே தெரிந்தது. 1971 அக்டோபரில் பூங்கா திறந்தபோது சொந்த ஓட்டல்களும் கூடவே திறந்தன. அவற்றில் ஒன்றின் கட்டடத்துக்கு உள்ளேயே மோனோரயில் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொள்ளும். வந்தவரின் பணப்பை எல்லையைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்பதே ஏற்பாடு. உலகில் இன்று எந்தப் பூங்கா ரிசார்ட்டை எடுத்துக்கொண்டாலும் அதன் அடிப்படை இதுதான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வியாபாரம். ஆனால் வாங்குகிற பக்கம் நிற்கும்போது நாமும் வியாபாரியாக நிற்க வேண்டாமா?

இந்த ஏற்பாடு சறுக்கிய இடமும் உண்டு. பாரிஸ் நகருக்கு வெளியே 1992 ஏப்ரலில் யூரோ டிஸ்னி என்ற பெயரில் திறந்த பூங்காவுக்குத் தொடக்கத்திலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அறைகளைக் கட்டிவிட்டார்கள். ஆனால் பாரிஸிலிருந்து பூங்கா வாசலுக்கே ரயில் இருந்தது. முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லை. ஜனங்கள் காலையில் வந்தார்கள், பார்த்தார்கள், இரவு பாரிஸுக்கே திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அறைகள் காலி. முதல் குளிர்காலத்தில் ஒரு பெரிய ஓட்டலை மூடி வைக்க வேண்டியிருந்தது. 1994-ல் கடன்களை மாற்றியமைத்து, சவூதி இளவரசர் அல்வலீதின் முதலீட்டையும் பெற்ற பிறகே கம்பெனி மூச்சு விட்டது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்திகள் இரண்டு. ஊரிலிருந்து பூங்காவுக்கு நல்ல ரயில் இருந்தால் பூங்கா அறைக்கு மதிப்புக் குறைவு. இன்னொன்று, விற்காத அறையை விட அழியும் சரக்கு உலகத்தில் இல்லை. பருப்பு ஆறு மாதம் தாங்கும். தயிர்கூட இரண்டு நாள் தாங்கும். இன்றிரவு விற்காத அறை நாளைக் காலையில் குப்பைக்குக்கூடப் பயன்படாது. ஆகவேதான் ஒரே அறைக்கு சனிக்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை வேறு விலை.

இங்கேதான் சம்பளக்காரருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. சம்பளக்காரர் சனி, ஞாயிறை விட்டால் போக முடியாது. நமக்கு ஞாயிறுதான் வியாபாரம். மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளப் பணம் புழங்கும், கடையை விட்டு நகர முடியாது. இருபதாம் தேதிக்கு மேல் கை மந்தம். ரிசார்ட்டுக்காரருக்கோ செவ்வாய், புதன், வியாழன் மந்தம். நம்முடைய மந்தமும் அவருடைய மந்தமும் சேர்கிற நாட்களைப் பிடித்தால் விலை தானாக இறங்கும், பூங்காவிலும் வரிசை குறையும். மே மாதம் பள்ளி விடுமுறையில் இருபதாம் தேதிக்கு மேல் வரும் ஒரு செவ்வாய், புதன் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளின் படிப்பும் கெடாது. ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களில் மட்டும் போகவே போகாதீர்கள். பொரி, கடலை, சர்க்கரை விற்கிற நாள் நமக்கு, நீண்ட விடுமுறை என்று ஊரே கிளம்பி வருகிற நாள் அவர்களுக்கு.

சரி, எந்த இடத்தில் பூங்கா அறையே எடுக்கலாம், எங்கே வேண்டாம்? நம்மவர்கள் அதிகம் போகிற மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 28 கிலோமீட்டரில், பிடதி அருகே ஒண்டர்லா 2005 முதல் இயங்குகிறது. பூங்காவை ஒட்டியே 2012-ல் 84 அறைகளோடு ரிசார்ட் கட்டினார்கள். பெங்களூர் நகரின் நடுவில் மலிவாக அறை எடுத்துவிட்டு அந்த 28 கிலோமீட்டரைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கடப்பது என்றால், அந்த ஊர்ப் போக்குவரத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தையும், சாலையில் போகும் மூன்று நான்கு மணி நேரத்தையும் லாட்ஜ் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு வார நடுவில் ரிசார்ட் அறை அப்படியொன்றும் அதிகமாகத் தெரியாது. இந்த இடத்தில் என் ஓட்டு ரிசார்ட்டுக்கே, ஆனால் ஒரே ஒரு இரவு.

ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டி வேறு மாதிரி. ஒரே வளாகத்துக்குள் சிதாரா என்று ஆடம்பர ஓட்டல், தாரா என்று சற்று எளிய ஓட்டல். நகரத்திலிருந்து தூரம் அதிகம். உள்ளே தங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் காலையிலிருந்து மாலை வரை பஸ்ஸிலும் கால்நடையாகவும் சுற்றிவிட்டுக் களைத்துப் படுக்கப் போகிறவருக்கு ஆடம்பரம் எதற்கு? படுக்கை சுத்தமாக, வெந்நீர் சூடாக இருந்தால் போதும்.

சிங்கப்பூருக்கு இப்போது திருச்சியிலிருந்தே பல வணிகக் குடும்பங்கள் போய் வருகின்றன. அங்கே செந்தோசா தீவில் 2010-ல் திறந்த ரிசார்ட்ஸ் வேர்ல்டும், அதன் உள்ளே யூனிவர்சல் ஸ்டுடியோவும் இருக்கின்றன. அங்குள்ள ஓட்டல்கள் பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பாரிஸ் கதை. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால் மாறாமல் நேராக ஹார்பர்பிரண்ட். அங்கிருந்து செந்தோசாவுக்கு மோனோரயில். தங்குவது சிராங்கூன் சாலைப் பக்கம் என்றால் காலையில் இட்லி, இரவில் தோசை, பெரியவர்களுக்குக் கோயில், கடைவீதி எல்லாம் நடக்கிற தூரம். இங்கே பூங்கா ஓட்டல் எடுப்பது கொள்முதல் தெரியாதவர் செய்கிற வேலை.

தூரம் முடிந்தது, இனி மணிக்கணக்கு. நம் ஊர் லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. இரவு பத்துக்கு நுழைந்தால் மறுநாள் இரவு பத்து வரை நம்முடையது. ரிசார்ட்டில் அப்படியில்லை. மதியம் இரண்டுக்கு மேல் நுழைய வேண்டும், மறுநாள் பதினொன்று, பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இரவு பத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எட்டு மணி நேரம் வீண். இந்தியப் பூங்காக்கள் பெரும்பாலும் முற்பகல் பத்து, பதினொன்றுக்குத் திறந்து மாலை ஆறு, ஏழுக்கு மூடுகின்றன. ஆகவே முதல் நாள் இரவே போய்ப் படுத்துக் கிடப்பதில் ரயிலில் வருகிறவருக்கு அர்த்தமில்லை. காலையில் இறங்கி, பெட்டிகளை ரிசார்ட் வரவேற்பில் வைத்துவிட்டுப் பூங்காவுக்குள் போய், நனைந்து களைத்த பிள்ளைகளோடு மாலையில் அறைக்கு வருவதே கணக்கு. காலையில் பெட்டியை வாங்கி வைப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். காரை தானே ஓட்டி வருகிறவருக்கு மட்டும் இது பொருந்தாது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு ராட்டினம் ஏறக்கூடாது, அவர் முதல் நாள் இரவை எடுக்கட்டும்.

இன்னும் முக்கியமான ஒரு கேள்வி: மதியம் வெளியே வந்து அறையில் படுத்துவிட்டு மறுபடி பூங்காவுக்குள் போகலாமா? கையில் முத்திரையோ பட்டையோ போட்டு விடுவார்களா, மாட்டார்களா? மாட்டார்கள் என்றால் பூங்கா அறையின் மதிப்பில் பாதி அங்கேயே போய்விட்டது. கைக்குழந்தைக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் நடுப்பகல் ஓய்வு கிடைப்பதற்காகத்தானே பக்கத்திலேயே அறை! புளோரிடாவில் டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்களை மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் விடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டால் தவறில்லை. கேட்காத தள்ளுபடியை யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

யார் குழந்தை, யார் பெரியவர் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. பூங்கா வாசலில் பெரும்பாலும் உயரத்தை அளந்து டிக்கெட். ஓட்டலில் வயதைக் கேட்டுக் கட்டணம். உயரமான பத்து வயதுப் பையன் வாசலில் பெரியவன், அறையில் குழந்தை. குள்ளமான பதின்மூன்று வயதுப் பெண் நேர் எதிர். கூடுதல் படுக்கைக்கு ஒரு கட்டணம், அந்தப் படுக்கையில் படுப்பவரின் காலைச் சாப்பாட்டுக்கு இன்னொரு கட்டணம் என்று கணக்கு முடிக்கும்போது சேர்ந்துகொள்ளும். எத்தனை பேர், என்ன வயது என்று சொல்லி மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் எழுத்து எழுத்துதான்.

சாப்பாட்டில் சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று மூன்று திட்டம் சொல்வார்கள். முதலாவதில் அறையோடு காலைச் சிற்றுண்டி, இரண்டாவதில் அதோடு இன்னொரு வேளை, மூன்றாவதில் மூன்று வேளையும். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோக விடுவதில்லை, மதியம் அங்கேதான் சாப்பிட வேண்டும். ஆகவே மூன்று வேளைத் திட்டம் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம். நான் சொல்வது சி.பி. மட்டும். இன்னொன்று, நீர் விளையாட்டுகளில் பருத்தி உடையோடு பெரும்பாலும் விடமாட்டார்கள், நைலான் உடைதான். அதைப் பூங்காக் கடையில் போய் வாங்குவானேன்? நம் பஜாரில் நம் உறுப்பினர் கடையில் வாங்கிக்கொண்டு போகலாமே!

வரி விஷயத்தை வியாபாரிகளுக்கு விரிவாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. ரூ.7,400 அறைக்கு வரி 370, மொத்தம் 7,770. ரூ.7,600 அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. விலைப்பட்டியலில் இருநூறு ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவது 1,198! எல்லையை ஒட்டிய விலை சொன்னால் "ஒரு நூறு குறைத்து 7,500-க்குப் போடுங்கள்" என்று கேட்பது அவருக்கு நூறு ரூபாய், நமக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆறு பேர் போகிற குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாயில் ஒரு பெரிய அறைக்குப் பதில் ஐயாயிரத்தில் இரண்டு அறை எடுத்தால் வரி 1,800-க்குப் பதில் 500 தான். தாத்தா பாட்டிக்கும் தனி அறை கிடைத்த மாதிரி ஆயிற்று.

உங்கள் அறை ஆறாயிரம் என்றாலும், அந்த ஓட்டல் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை ரூ.7,500-க்கு மேல் விற்றிருந்தால், அதன் உணவகத்தில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் வரி வரும். மற்ற உணவகங்களில் 5 சதவீதம்தான். இரவுச் சாப்பாட்டுக்குச் சாலை ஓரத்து நல்ல பவனுக்கு நடந்து போவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து ஓட்டல் பில்லை வாங்கி உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு வரவு எடுக்க சட்டம் இடம் கொடுக்கவில்லை. தவிர, கர்நாடகத்தில் தங்கியதற்குக் கட்டும் வரி அந்த மாநிலக் கணக்கில் போவது. தமிழ்நாட்டுப் பதிவில் அதை வரவு வைக்க முடியாது. அதிகாரிக்கு விளக்கம் எழுதும் நாட்களில் இன்னொரு சுற்றுலாவே போய் வரலாம்.

முன்பதிவை இணையத் தளங்களில் செய்வதா, நேராகச் செய்வதா? தளங்களில் விலையைப் பாருங்கள், பத்து ஓட்டலை ஒப்பிட அதைவிட வசதி கிடையாது. பிறகு ரிசார்ட்டுக்கே போன் செய்யுங்கள். தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் ஓட்டல்காரருக்கும் வலிக்கிறது. நம்மிடம் பொருள் வாங்கி இணையத்தில் விற்பவர்கள் நமக்குத் தருகிற வலிதான் அது. ஓட்டல்கள் வேறெங்கும் குறைந்த விலைக்கு அறை கொடுக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டதற்காகவும் வேறு காரணங்களுக்காகவும், 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோ மீது 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. எனவே "தளத்தில் இந்த விலை போட்டிருக்கிறது, நேரில் வந்தால் என்ன தருவீர்கள்?" என்று கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. விலையைக் குறைக்காவிட்டால் காலைச் சிற்றுண்டியையோ, பூங்கா டிக்கெட்டில் சலுகையையோ, இரண்டு மணி நேரம் தாமதமாகக் காலி செய்வதையோ கேளுங்கள். வார நடுவில் இவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்கும். பணம் கட்டுமுன், வர முடியாமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். நம் தொழிலில் கடைசி நேரத்தில் சரக்கு லாரி வந்து நிற்பது புதிதல்ல.

தேதி முடிவானதும் ஒரு வாரம் முன்பே கடை வாசலில் பலகை எழுதித் தொங்கவிடுங்கள், எந்தெந்த நாள் பூட்டு, எந்தக் காலை திறப்பு என்று தெளிவாக. பால், தயிர், ரொட்டி போடுகிறவர்களிடம் அந்த இரண்டு நாள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பற்று வைத்து வாங்கும் வாடிக்கைகளுக்கு ஒவ்வொருவராகப் போனில் சொல்லி, வேண்டியதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மொத்த வியாபாரியிடம் சரக்கை வியாழக்கிழமைக்குத் தள்ளச் சொல்லுங்கள். செல்போனை மட்டும் ராட்டினம் ஏறுவதற்கு முன் பெட்டக அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள், பருப்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் மாலை வரை தெரியாமல் இருக்கட்டும்.